லிஃப்ட்டில் சந்தித்த இருவர்: டேரல் ஹால், ஜான் ஓட்ஸ்

இந்த வாரம் ஒரு அமெரிக்க பாப் ஜோடி. உலகம் முழுக்க ரசிகர்கள் அவங்களை 'ஹால் அண்ட் ஓட்ஸ்' என்றுதான் சொல்வாங்க. ரேடியோவிலும் அப்படித்தான், ப்ளேலிஸ்ட்டிலும் அப்படித்தான். நானும் இந்த எபிசோடு முடியறதுக்குள்ள பத்துத் தடவையாவது அப்படிச் சொல்லிடுவேன். ஆனா அது அவங்களோட அதிகாரபூர்வமான பெயர் கிடையாது. 'டேரல் ஹால் அண்ட் ஜான் ஓட்ஸ்' என்று இரண்டு முழுப் பெயர்கள்தான் கணக்கு. சுருக்கிச் சொல்வது ஹாலுக்குப் பிடிக்காது; பல பேட்டிகளில் இதைச் சொல்லியிருக்கார். நாங்க ஒரு பேண்ட் இல்லை, ஒரே மேடையில் நிற்கிற இரண்டு தனி ஆட்கள் என்பது அவருடைய வாதம்.

ரொம்ப வருஷம் ரசிகர்கள் இதைச் சும்மா ஒரு பிடிவாதம் என்று சிரிச்சுட்டு விட்டுட்டாங்க. 2023 நவம்பர்ல சிரிப்பு நின்னு போச்சு. நாஷ்வில் நகர நீதிமன்றத்தில் ஹால், ஓட்ஸ் மேல வழக்குப் போட்டார். இருவருக்கும் பொதுவான 'ஹோல் ஓட்ஸ் என்டர்பிரைசஸ்' என்ற நிறுவனத்தில் தன்னுடைய பங்கை 'பிரைமரி வேவ்' என்ற இசை நிறுவனத்துக்கு விற்க ஓட்ஸ் ஏற்பாடு செஞ்சிருந்தார். அதைத் தடுக்கணும் என்பது ஹாலின் கோரிக்கை. நீதிமன்றம் தற்காலிகத் தடை கொடுத்தது. ஹால் இதைத் துரோகம் என்றார். ஓட்ஸ் தன் மனசு ரொம்பக் காயப்பட்டிருக்கு என்றார்.

இதுக்கு முந்தைய வருஷம், 2022-ல, பில் மாரின் பாட்காஸ்ட்டில் ஹால் இன்னொண்ணு சொல்லியிருந்தார்: ஓட்ஸ் என் வியாபாரக் கூட்டாளி, படைப்பில் கூட்டாளி இல்லை.

ரசிகனா இருக்கிறவனுக்கு இதுதான் வலிச்ச இடம். வழக்கு, பணம், பங்கு எல்லாம் அவங்க வீட்டு விஷயம். ஆனா 'அந்த இரண்டு பேர்' என்று நாம கேட்டது உண்மையிலேயே ஒரே ஆள்தானா? அப்படின்னா இத்தனை வருஷம் நாம எதை ரசிச்சோம்? இன்னிக்கு இந்தக் கேள்வியைப் பாட்டுகளை வைத்தே பார்க்கலாம் என்று நினைக்கிறேன். பேட்டிகளை விடப் பாட்டுகள் கொஞ்சம் நம்பகமான சாட்சி.

முதல்ல ஃபிலடெல்ஃபியா. அந்த ஊர் இல்லாம இவங்க கிடையாது. ஹால் 1946-ல் பிறந்தவர், ஃபிலடெல்ஃபியாவுக்கு வெளியே பாட்ஸ்டவுன் என்ற சின்ன ஊர். ஓட்ஸ் 1948, பிறந்தது நியூயார்க், வளர்ந்தது ஃபிலடெல்ஃபியாவுக்குப் பக்கத்தில் நார்த் வேல்ஸில். இருவரும் டெம்பிள் பல்கலைக்கழகத்தில் படிச்சாங்க. இருவரும் தனித்தனி பேண்ட் வெச்சிருந்தாங்க. ஹாலின் குழுவுக்குப் பெயர் 'டெம்ப்டோன்ஸ்'. 'டெம்ப்டேஷன்ஸ்' மேல எவ்வளவு பைத்தியம் என்று பெயரிலேயே தெரியுது இல்லையா. ஓட்ஸின் குழு 'மாஸ்டர்ஸ்'.

1967-ல் அடெல்ஃபி பால்ரூம் என்ற அரங்கத்தில் இரண்டு குழுவும் பாட வந்திருந்தாங்க. மேடை ஏறுவதற்கு முன்னாடியே கூட்டத்தில் இரண்டு கும்பல்களுக்கு நடுவில் சண்டை, துப்பாக்கிச் சூடு. எல்லாரும் தப்பிச்சு ஓடினதில் இவங்க இருவரும் சாமான் ஏற்றும் லிஃப்ட் ஒன்றில் சேர்ந்து மாட்டிக்கிட்டாங்க. நீயும் பாட வந்தியா, நீயும் டெம்பிளா என்ற அளவில் ஆரம்பிச்ச பழக்கம். சினிமாவில் வெச்சா நம்ப மாட்டோம். ஆனா இருவருமே ஐம்பது வருஷமா இதை ஒரே மாதிரிதான் சொல்றாங்க. அவங்க இருவரும் ஒத்துப்போற விஷயங்கள் ரொம்பக் கம்மி என்பதால் இதை நம்பலாம்.

இவங்களைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் 'ப்ளூ-ஐட் சோல்' என்ற சொல் வரும். சோல் இசை கறுப்பின அமெரிக்கர்களுடையது. தேவாலயப் பாட்டும் ரிதம் அண்ட் ப்ளூஸும் கலந்து வந்தது. அதை வெள்ளைக்காரர் பாடினா, 'நீலக் கண்காரனின் சோல்'. இந்தச் சொல்லை 1960களில் பரப்பியவர் என்று பொதுவாகச் சொல்லப்படுபவர் ஜார்ஜி வுட்ஸ். ஃபிலடெல்ஃபியாவின் கறுப்பின வானொலி அறிவிப்பாளர். அவர் அதை ரைச்சஸ் பிரதர்ஸ் என்ற வெள்ளைக்கார ஜோடிக்காகச் சொன்னார். அப்போ அது ஒரு பாராட்டு, கொஞ்சம் கிண்டலும் கலந்த பாராட்டு.

ஹாலுக்கு இந்தச் சொல் சுத்தமா ஆகாது. என் தோல் நிறத்தைப் பார்த்து என் இசைக்கு ஏன் தனிப் பெயர் வைக்கறீங்க, இது இனவாதம் என்று சொல்லியிருக்கார். எனக்கு இதில் பாதிதான் சம்மதம். சொல் அசிங்கமாத்தான் இருக்கு, சரி. ஆனா அதே காலத்தில் அதே ஊரில் அதே மாதிரி பாடின கறுப்பினப் பாடகர்கள் எத்தனையோ பேருக்கு எம்.டி.வி.யோட கதவு திறக்கலை. தொடக்க வருஷங்களில் அந்தச் சேனலில் கறுப்பினக் கலைஞர்களைத் தேடித்தான் பிடிக்கணும். ஹால் அண்ட் ஓட்ஸ் வீடியோ மட்டும் ஓடிக்கிட்டே இருந்தது. இதைச் சொல்லாம இவங்களைக் கொண்டாட முடியாது. அதோட இன்னொண்ணும் சொல்லணும்: இவங்க இந்த இசையைத் தொலைவில் இருந்து ரெக்கார்டு கேட்டுக் கத்துக்கலை. ஹால் பதின்வயதில் போய் நின்னது கறுப்பினப் பார்வையாளர்கள் நிறைந்த அப்டவுன் தியேட்டர் மேடையில். டெம்ப்டோன்ஸ் குழுவின் பாட்டை ரெக்கார்டு பண்ணினது ஆர்க்டிக் என்ற உள்ளூர் சோல் கம்பெனி. அவருக்கு இது பக்கத்து வீட்டு இசை.

சரி, பாட்டுக்கு வருவோம். 'ஷீஸ் கான்'. 1973-ல் வந்த 'அபாண்டன்ட் லஞ்சனெட்' ஆல்பத்தில் இருக்கு. தயாரிப்பாளர் ஆரிஃப் மார்டின். டிரம்ஸ் பெர்னார்ட் பர்டி. நான் பாட்டை இங்க போட்டா காப்பிரைட் ஸ்ட்ரைக் வரும், அதனால இடையில நிறுத்திட்டுப் போய்க் கேட்டுட்டு வாங்க. உண்மையாத்தான் சொல்றேன். ஐந்து நிமிஷப் பாட்டு.

இந்தப் பாட்டு எப்படிப் பிறந்ததுன்னு ஓட்ஸ் பல தடவை சொல்லியிருக்கார். நியூயார்க், கிரீனிச் வில்லேஜ். நள்ளிரவு தாண்டி ஒரு சாப்பாட்டுக் கடையில் ஒரு பெண்ணைப் பார்க்கிறார். குளிர்காலத்தில் அந்தப் பெண் பாலே ஆடுபவர்கள் போடும் பாவாடையும் கௌபாய் பூட்ஸும் போட்டுக்கிட்டு வந்து உட்கார்றா. கொஞ்ச நாள் பழக்கம். புத்தாண்டு இரவுக்கு வர்றேன்னு சொன்னவ வரலை. ஓட்ஸ் தனியா உட்கார்ந்து கிட்டாரில் பல்லவியைப் போட்டார், நாட்டுப்புறப் பாட்டு மாதிரி மெதுவா. அடுத்து ஹால் வர்றார், பியானோவில் உட்கார்றார். அப்போ ஹாலின் கல்யாணம் முறிஞ்சுக்கிட்டு இருந்த நேரம். ஒருத்தருக்கு, கொஞ்ச நாள் பழகின பெண் ஒரு ராத்திரி வராம போன ஏமாற்றம். இன்னொருத்தருக்கு வீடே காலியாகிற துக்கம். இரண்டும் ஒரே பாட்டில்.

இப்போ கேளுங்க. தொடக்கத்தில் இரண்டு குரலும் ஒரே மெட்டைத்தான் பாடுது, ஒண்ணு கீழ் ஸ்தாயியில், ஒண்ணு மேல் ஸ்தாயியில். ஹார்மனி பிரியவே இல்லை. சாதாரணமா ஜோடிப் பாட்டுன்னா ஆளுக்கொரு வரி, இல்லைன்னா ஒருத்தர் மெட்டு, இன்னொருத்தர் அதுக்கு மேல ஹார்மனி. இங்க ஒரே ஆளின் உள்ளே இரண்டு வயசு பேசற மாதிரி இருக்கு. கீழே இருக்கிற ஓட்ஸ் குரல் கிட்டத்தட்டப் பேச்சு, கண்ணாடி முன்னாடி நின்னு முகம் கழுவறப்போ தனக்குத்தானே சொல்லிக்கிற மாதிரி. மேலே ஹால் அதையே அழுகைக்குப் பக்கத்தில் கொண்டு போறார். பாட்டு முடியப் போகும்போது சுருதி படிப்படியா ஏறும். அரை ஸ்வரம் அரை ஸ்வரமா ஏறி, இதுக்கு மேல போக முடியாதுன்னு தோன்றும் இடத்தில் ஹால் தனியாக் கிளம்பிப் பறப்பார். அந்தக் கடைசி ஒரு நிமிஷத்துக்காகத்தான் எல்லாரும் ஹாலைக் கொண்டாடறாங்க, நியாயம்தான். ஆனா அந்தக் குரல் பறக்கிறதுக்கு, ஆரம்பத்தில் இருந்தே கீழே ஒரு குரல் தரையில் நின்னுக்கிட்டு இருக்கணும். ஓட்ஸ் அந்தத் தரை. அதை எடுத்துட்டுப் பாட்டைக் கற்பனை பண்ணிப் பாருங்க.

முதல் தடவை வெளியானபோது இந்தப் பாட்டு 60-வது இடத்தோட நின்னு போச்சு. 1974-ல் 'டவாரெஸ்' என்ற கறுப்பின சகோதரர்கள் குழு இதையே பாடி ஆர் அண்ட் பி பட்டியலில் முதலிடம் பிடிச்சாங்க. 1976-ல் ஒரிஜினலைத் திரும்ப வெளியிட்டாங்க, 7-வது இடம் வந்தது.

இதுக்கு ஒரு வீடியோவும் இருக்கு, ரசிகர்களுக்குப் பொக்கிஷம். அட்லாண்டிக் சிட்டியில் ஒரு டிவி நடன நிகழ்ச்சிக்குக் கூப்பிட்டிருக்காங்க, பாட்டுக்கு வாயசைக்கணும். இவங்களுக்கு அது பிடிக்கலை. வீட்டில் இருந்து நாற்காலியைத் தூக்கிட்டுப் போய்ப் போட்டு, உணர்ச்சியே காட்டாம உட்கார்ந்துட்டாங்க. பிசாசு வேஷத்தில் ஒருத்தர் குறுக்கே நடக்கிறார். ஓட்ஸ் கை இல்லாத கோட்டு, பென்குயின் இறக்கை மாதிரி ஒண்ணை மாட்டிக்கிட்டு எழுந்து கிட்டார் சோலோ வாசிக்கிறார், அதாவது வாசிக்கிற மாதிரி பாவனை. இயக்கினது ஓட்ஸின் தங்கை. டிவிக்காரங்க கோபப்பட்டு ஒளிபரப்பவே இல்லை. எம்.டி.வி. வருவதற்குப் பல வருஷம் முன்னாடி. இவ்வளவு சோகமான பாட்டுக்கு இப்படி ஒரு கிறுக்குத்தனம் பண்ண ஒருத்தரால் முடியாது. பக்கத்தில் சிரிப்பை அடக்கிக்கிட்டு இன்னொருத்தர் உட்கார்ந்திருக்கணும்.

அந்த ஆல்பத்தின் அட்டையில் இருக்கிறது ரோஸ்டேல் டைனர் என்ற ஒரு பாழடைஞ்ச சாப்பாட்டுக் கடை, பாட்ஸ்டவுன் பக்கத்தில். ஆல்பம் பிரபலமானதும் ரசிகர்கள் தேடிப் போக ஆரம்பிச்சாங்க. போனவங்க சும்மா வரலை, ஆளுக்கொரு துண்டு உடைச்சு எடுத்துட்டு வந்தாங்க. கொஞ்சம் கொஞ்சமா கடையே காணாமப் போச்சு. அன்பு இப்படியும் இருக்கும் போல.

அடுத்த கட்டத்தை வேகமாத் தாண்டறேன். 1975-ல் ஆர்.சி.ஏ. கம்பெனிக்கு மாறினாங்க. 1976-ல் 'சாரா ஸ்மைல்' நாலாவது இடம். 1977-ல் 'ரிச் கேர்ள்', முதல் தடவையா முதலிடம். 'ரிச் கேர்ள்' ஒரு பணக்காரப் பையனைப் பற்றியது, பாட்டுக்காகப் பெண்ணாக்கிட்டார் ஹால் என்பது ரசிகர்களுக்கு மனப்பாடமான தகவல்.

'சாரா' யார்? சாரா ஆலன். ஏர் ஹோஸ்டஸா இருந்தவங்க. முதலில் பழக்கமானது ஓட்ஸுக்கு. அவர் 'லாஸ் வேகாஸ் டர்ன்அரவுண்ட்' என்று விமானப் பணிப்பெண்களைப் பற்றி எழுதின பாட்டில் சாரா வர்றாங்க. அப்புறம்தான் ஹாலோட அறிமுகம், அது கிட்டத்தட்ட 30 வருஷ உறவாச்சு. ஆக, சாரா முதலில் வந்தது ஓட்ஸ் பாட்டில், பிரபலமானது ஹால் குரலில். சாராவின் பெயரை ஞாபகம் வெச்சுக்கோங்க, கொஞ்ச நேரத்தில் திரும்ப வருவேன்.

1980. இதுவரை வெளித் தயாரிப்பாளர்களை நம்பினவங்க, 'வாய்ஸஸ்' ஆல்பத்தை நாங்களே தயாரிக்கிறோம்னு உட்கார்ந்தாங்க. அங்கிருந்து 1984 வரைக்கும் நடந்தது வேற கதை. 'கிஸ் ஆன் மை லிஸ்ட்', 'பிரைவேட் ஐஸ்', 'ஐ கான்ட் கோ ஃபார் தட்', 'மேன்ஈட்டர்', 'அவுட் ஆஃப் டச்' என்று ஐந்து முதலிடம். ஒலிவியா நியூட்டன்-ஜானின் 'ஃபிசிக்கல்' பத்து வாரம் முதலிடத்தில் இருந்தது தெரியும் இல்லையா? அது கீழே தள்ளினதும் இவங்க பாட்டைத்தான், அதைக் கீழே தள்ளினதும் இவங்க பாட்டுதான். 1984-ல் அமெரிக்க ஒலிப்பதிவுத் துறைச் சங்கம் இவங்களை ராக் வரலாற்றிலேயே அதிகம் விற்ற ஜோடின்னு அறிவிச்சது.

இதில் 'ஐ கான்ட் கோ ஃபார் தட்' பற்றிக் கொஞ்சம் நிற்கணும். நியூயார்க் எலெக்ட்ரிக் லேடி ஸ்டுடியோ. ரெக்கார்டிங் முடிஞ்சு மத்தவங்க கிளம்பிட்டாங்க. ரோலண்ட் கம்பெனியின் சிஆர்-78 என்ற சின்ன டிரம் மெஷின் அங்க இருந்தது. ஹால் அதில் ஏற்கனவே இருந்த ஒரு தாளத்தைத் தட்டிவிட்டு, ஆர்கனில் அந்த பாஸ் வரியை வாசிச்சார். இன்ஜினியர் நீல் கெர்னன் டேப்பை ஓட்டினார். ஓட்ஸ் கிட்டாரைச் சேர்த்தார். அவ்வளவுதான், எலும்புக்கூடு தயார். அந்தப் பாட்டில் எவ்வளவு காலி இடம் இருக்குன்னு கவனிச்சீங்களா? 80கள் பாட்டுன்னா எல்லா இடத்தையும் சின்தசைசர் வெச்சு அடைச்சிருப்பாங்க. இது மூச்சு விடும். அந்தக் காலி இடத்தில்தான் பின்னாடி வந்தவங்க குடியேறினாங்க. 1989-ல் டி லா சோல் 'சே நோ கோ'வில் இதை சாம்பிள் பண்ணினாங்க. 2003-ல் சிம்ப்ளி ரெட் 'சன்ரைஸ்'. 'வி ஆர் த வேர்ல்ட்' ஒலிப்பதிவின்போது மைக்கேல் ஜாக்சன் தன்னிடம் வந்து, 'பில்லி ஜீன்' தாளத்தை உங்க பாட்டிலிருந்துதான் எடுத்தேன்னு சொன்னதா ஹால் சொல்லியிருக்கார்.

இந்தப் பாட்டு பாப் பட்டியலில் மட்டும் இல்லை, கறுப்பின இசைக்கான ஆர் அண்ட் பி பட்டியலிலும் முதலிடம் வந்தது. வெள்ளைக்காரர்களுக்கு இது எப்பவாவதுதான் நடக்கும். இன்னொரு விஷயம், காதலிக்கு 'முடியாது' சொல்ற மாதிரி ஒலிக்கிற இந்தப் பாட்டு, உண்மையில் ரெக்கார்டு கம்பெனிகளுக்குச் சொன்ன 'முடியாது' என்கிறார் ஓட்ஸ். நாற்பது வருஷம் கழிச்சு இருவரும் பாட்டு வியாபாரத்துக்காகவே நீதிமன்றம் போனதை நினைச்சா சிரிப்பதா என்னன்னு தெரியலை.

'மேன்ஈட்டர்' இன்னும் சுவாரசியம். ஓட்ஸ் முதலில் இதை ரெகே பாட்டா ஆரம்பிச்சார். ஹால் கேட்டுட்டு, இந்தத் தாளம் வேண்டாம், பழைய மோடவுன் பாணி தாளத்தில் போடலாம் என்று மாற்றினார். சார்லி டிஷான்ட்டின் சாக்ஸஃபோன் எங்கோ பெரிய மண்டபத்துக்குள் இருந்து வர்ற மாதிரி. நாலு வாரம் முதலிடம். கேட்கிறவங்க ஒரு ஆபத்தான பெண்ணைப் பற்றின பாட்டுன்னு நினைப்பாங்க. அந்தக் கால நியூயார்க்கின் பேராசையைத்தான் எழுதினோம் என்பது ஓட்ஸின் விளக்கம். இதில் படைப்பு யாருடையது? ரெகே மெட்டோட விட்டிருந்தா யாரும் ஞாபகம் வெச்சிருக்க மாட்டோம், ஒருவேளை. ஆனா மாற்றுவதற்கு ஒரு பாட்டு இருந்தால்தானே மாற்ற முடியும்.

இப்ப கணக்குக்கு வருவோம். முதலிடம் வந்த ஆறு பாட்டுக்கும் எழுதினவங்க பெயர் பட்டியலை நான் எடுத்துப் பார்த்தேன். ஹாலின் பெயர் ஆறிலும் இருக்கு. ஓட்ஸின் பெயர் மூன்றில்: 'ஐ கான்ட் கோ ஃபார் தட்', 'மேன்ஈட்டர்', 'அவுட் ஆஃப் டச்'. சரியாப் பாதி. 'ரிச் கேர்ள்' ஹால் தனியா எழுதினது. ஹாலின் வாதத்துக்கு இது வலு சேர்க்குது, மறுக்க முடியாது. 'கிஸ் ஆன் மை லிஸ்ட்'டில் ஓட்ஸ் பெயர் கிடையாது. பால் யங் பாடி 1985-ல் முதலிடம் கொண்டுவந்த 'எவ்ரிடைம் யூ கோ அவே'யும் ஹால் தனியா எழுதி 'வாய்ஸஸ்'ல பாடினதுதான்.

ஆனா அதே பட்டியலில் இன்னொரு பெயரும் மூன்று தடவை வருது. சாரா ஆலன். 'பிரைவேட் ஐஸ்', 'ஐ கான்ட் கோ ஃபார் தட்', 'மேன்ஈட்டர்'. சாராவின் தங்கை ஜேனா ஆலன் இரண்டில்: 'கிஸ் ஆன் மை லிஸ்ட்', 'பிரைவேட் ஐஸ்'. ஜேனா 1993-ல் லுகேமியாவில் இறந்துட்டாங்க. ஓட்ஸ் இருந்தாரா இல்லையான்னு ரசிகர்கள் இரண்டு அணியாப் பிரிஞ்சு சண்டை போடறோம். ஓட்ஸ் அளவுக்கு எழுதின ஒரு பெண்ணைப் பற்றி யாருமே பேசறதில்லை. போஸ்டரில் முகம் இருந்தா கூட்டாளி, இல்லைன்னா பாட்டின் தலைப்பு, அவ்வளவுதானா? எனக்கு ஹால்–ஓட்ஸ் தகராறை விட இது பெரிய அநியாயமாப் படுது.

எழுதினவங்க கணக்கு ஒண்ணு, பாடின விதம் வேற. 1985 மே மாசம், நியூயார்க் ஹார்லெமில் புதுப்பிச்ச அப்போலோ தியேட்டரில் இவங்க கச்சேரி. கறுப்பின இசையின் கோயில் மாதிரி அந்த இடம். கூட மேடையேறினது டேவிட் ரஃபின், எடி கெண்ட்ரிக். இருவரும் பழைய டெம்ப்டேஷன்ஸ் குரல்கள். டெம்ப்டோன்ஸ்னு பெயர் வெச்ச பையனுக்கு இதை விட என்ன வேணும்? அந்த லைவ் ஆல்பத்தைக் கேட்டா ஒண்ணு புரியும்: டெம்ப்டேஷன்ஸ் பாட்டெல்லாம் ஒருத்தர் கேட்க நாலு பேர் பதில் சொல்ற அமைப்பு. அந்தப் பதில் சொல்ற வேலையில் ஓட்ஸ் எப்பவுமே வசதியா இருந்தார். பதில் சொல்றவனை யாரும் கவனிக்க மாட்டாங்க. அவன் இல்லாதப்போதான் பாட்டு மொட்டையாத் தெரியும். இரண்டு மாசம் கழிச்சு ஃபிலடெல்ஃபியாவில் லைவ் எய்ட், அங்கேயும் ரஃபினும் கெண்ட்ரிக்கும் வந்தாங்க.

அதுக்கப்புறம் இறக்கம். 90களில் இவங்க பெயரைச் சொன்னா சிரிப்பாங்க. ஓட்ஸ் 1990 வாக்கில் மீசையை எடுத்துட்டார். ஆனா மீசை அவரை விடலை. 2005-ல் 'யாட் ராக்' என்று ஒரு இணையத் தொடர் வந்தது, 70களின் மென்மையான பாப்காரர்களைக் கிண்டல் பண்ணி. இவங்களும் அதில் பாத்திரங்கள். ஒரு தலைமுறைக்கே இவங்க அறிமுகமானது அந்த ஜோக் வழியாத்தான். ஒட்டு மீசையோட கச்சேரிக்கு வர்றது ஃபேஷனாச்சு. 2011-ல் ஒரு போன் நம்பர் கூட இருந்தது, 'காலிங் ஓட்ஸ்'. டயல் பண்ணி, எந்தப் பாட்டு வேணும்னு எண்ணை அழுத்தினா ஓடும். எதுக்கு? சும்மா. அவசரமா ஹால் அண்ட் ஓட்ஸ் தேவைப்பட்டா!

நான் 'யாட் ராக்' என்ற பெட்டியில் இவங்களைப் போடறதுக்கு எதிரி. படகில் காக்டெயில் குடிச்சுக்கிட்டுக் கேட்கிற இசை என்று சொல்லிட்டா, ஃபிலடெல்ஃபியா காணாமப் போயிடும், அப்டவுன் தியேட்டர் காணாமப் போயிடும். ஆனா ஜோக்காக உள்ளே வந்தவங்க நிறைய பேர் ஜோக் தீர்ந்த பிறகும் இருந்துட்டாங்க என்பதும் உண்மை. 2009-ல் '500 டேஸ் ஆஃப் சம்மர்' படத்தில் ஜோசப் கார்டன்-லெவிட் காதல் கைகூடின மறுநாள் காலை தெருவில் 'யூ மேக் மை ட்ரீம்ஸ்' பாட்டுக்கு ஆடுவாரே, ஞாபகம் இருக்கா? உங்களில் பாதிப் பேர் இந்த வாசல் வழியா வந்திருப்பீங்க. பல்லவியில் பின்னாடி வர்ற அந்த 'ஊ ஊ' பதில் குரல்களை வாயில் சொல்லாம யாராலயும் அந்தப் பாட்டைப் பாட முடியாது. வெட்கமா இருக்குன்னு சொல்லிக்கிட்டு ரகசியமா ரசிக்கிற அவசியம் இந்தப் பாட்டோட முடிஞ்சுது.

2014-ல் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் இவங்களைச் சேர்த்தாங்க. மேடையில் அறிமுகப்படுத்தினது யார்? த ரூட்ஸ் குழுவின் க்வெஸ்ட்லவ். ஃபிலடெல்ஃபியாக்காரர், ஹிப்-ஹாப் டிரம்மர். நீலக் கண்ணா எந்தக் கண்ணா என்ற விவாதத்துக்கு அந்த ஊர் கொடுத்த பதிலா அதை எடுத்துக்கிறேன்.

ஹால் தனியா நிற்க முடியாதவர் என்று நான் சொல்ல வரலை. 1977-லேயே ராபர்ட் ஃப்ரிப்போட 'சேக்ரட் சாங்ஸ்' ஆல்பம் பண்ணினார். கம்பெனி பயந்து போய் 1980 வரைக்கும் வெளியிடலை. 1986-ல் 'ட்ரீம்டைம்' ஐந்தாவது இடம் வந்தது. 2007-ல் வீட்டிலேயே கேமரா வெச்சு 'லைவ் ஃப்ரம் டேரல்ஸ் ஹவுஸ்' ஆரம்பிச்சு, ஸ்மோக்கி ராபின்சன்ல இருந்து க்ரோமியோ வரைக்கும் கூப்பிட்டுப் பாடினார். எழுபதை நெருங்கின வயசில் அந்தக் குரலைப் பார்த்தா பயமா இருக்கும். ஒவ்வொரு எபிசோடிலும் பக்கத்தில் வேற வேற ஆள் உட்கார்ந்து பதில் குரல் கொடுக்கிறாங்க என்பதையும் கவனியுங்க. இந்த மனுஷனுக்கு எதிரில் இன்னொரு குரல் எப்பவுமே வேணும். அது ஓட்ஸாத்தான் இருக்கணுமா என்பது ஹால் தீர்மானிக்கிற விஷயம். ஆனா நம்ம காதில் இருக்கிற பாட்டுகளில் அது ஓட்ஸ்தான், அதை எந்தக் கோர்ட்டும் மாற்றி மிக்ஸ் பண்ண முடியாது.

2022-க்குப் பிறகு இருவரும் சேர்ந்து மேடையேறலை. ஏறுவாங்கன்னு எனக்குத் தோணலை, ஏறணும்னு கேட்கவும் தோணலை. மனசில் கசப்போட நின்னு 'ஷீஸ் கான்' பாடச் சொல்றது ரசிகனோட கொடுமை.

புதுசாக் கேட்கிறவங்களுக்கு என் வரிசை: 'ஷீஸ் கான்'ல ஆரம்பிங்க, ஹெட்ஃபோன் கட்டாயம். அப்புறம் 'லாஸ் வேகாஸ் டர்ன்அரவுண்ட்', உடனே 'சாரா ஸ்மைல்', இதே வரிசையில், ஏன்னு தெரியும். 'எவ்ரிடைம் யூ கோ அவே' ஒரிஜினல், பால் யங் இல்லை. ஓட்ஸ் முன்னணிக் குரலில் 1980-ல் 'ஹவ் டஸ் இட் ஃபீல் டு பி பேக்', 1985-ல் 'பொசெஷன் அப்செஷன்'. கடைசியா 'ஐ கான்ட் கோ ஃபார் தட்', இரண்டு தடவை. முதல் தடவை ஹால் குரலை மட்டும் கவனிங்க. இரண்டாவது தடவை அதை விட்டுட்டு ஓட்ஸின் கிட்டாரைப் பிடிங்க, ரொம்பக் கம்மியா, தாளத்தோட ஒட்டிக்கிட்டு வரும். பாட்டு முடியற வரைக்கும் அதைத் தொலைக்காம போக முடியுதான்னு பாருங்க. அடுத்த வாரம் பேசலாம்.